செத்தவன் குடை வாங்கிய படம்

என் தொழில் வருத்தம் தெரிவிப்பது. சலவை இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் எட்டு வருடமாக உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ‘தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்’ என்று எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒருவருடைய வெள்ளைச் சட்டை ஊதாவாகியிருக்கும். இன்னொருவருடைய மெஷின் குதித்துக் குதித்தே குளியலறையிலிருந்து கூடத்துக்கு வந்திருக்கும். எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் வருந்தியிருக்கிறேன். அதில் ‘மனமார’ என்பது மட்டும் பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கே ஒரு புகார் எழுதத் தோன்றியது. நான் வாங்கும் வார இதழுக்கு, ‘உங்கள் சினிமா விமர்சகர் படம் பார்ப்பதில்லை’ என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதினேன். ஆதாரமும் கொடுத்தேன். அந்த வாரம் அவர் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்த மழைப் பாட்டு படத்திலேயே இல்லை. படக் கம்பெனி கொடுத்த துண்டுத்தாளில் மட்டும் இருந்தது. பாட்டை வெட்டிவிட்டார்கள், தாளைத் திருத்த மறந்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஆசிரியர் கூப்பிட்டார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அலுவலகம். அவருக்கு இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். என் கடிதத்தை மூக்குக் கண்ணாடியால் படித்தார், என்னை நெற்றிக் கண்ணாடியால் பார்த்தார்.

“அந்த ஆள நிறுத்திட்டேன். நீங்க ஒண்ணு எழுதிக் கொண்டாங்க. நல்லா இருந்தா வாராவாரம் ஒரு பக்கம் உங்களுக்கு. சொதப்பினா, இந்த மாதிரி நாலு பக்கம் எழுதி எங்களுக்கு அனுப்பற வேலையும் வேணாம். சரியா?”

சரி என்றேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். முப்பத்திரண்டு வயதில் எனக்கு வேண்டும் என்று நான் மனதாரச் சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்த ஒரு பக்கம்தான். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம், பாதியில் மூல வியாதி விளம்பரம் வரும். பரவாயில்லை.

என் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னேன். “இங்க புகாருக்குப் பதில் எழுதற, அங்க போய் நீயே புகார் எழுதப் போறியா? நல்ல முன்னேற்றம்தான்” என்றாள்.

அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய், அவளுடைய கைப்பையிலிருந்து ஒரு பென்சில் எடுத்து வந்து கொடுத்தாள். “இருட்டுல பேனா மை வருதா வரலையான்னு தெரியாதுடி. பென்சில்தான் நம்பிக்கையானது.”

அக்காவுக்கு இருட்டைப் பற்றித் தெரியும். அவள் தியேட்டரில் ஆபரேட்டர். மாடியில், ப்ரொஜெக்டர் அறையில், சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இப்போது மேனேஜர் ஒருவர்தான் பாக்கி. அவருக்கு வேலையில்லாத மச்சினன் ஒருவன் இருந்தான். இரண்டு மாதமாக அவன் ‘சும்மா பழகிக்க’ என்று மாடிக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். அக்கா ஒரே ஒரு தப்பு செய்தால் போதும், அந்த நாற்காலி சூடு ஆறுவதற்குள் அவன் உட்கார்ந்துவிடுவான்.

எங்கள் குடும்பத்துக்கு அந்தத் தியேட்டர் புதிதில்லை. அம்மா அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அக்காவும் பக்கவாட்டுக் கதவருகே நிற்போம். இடைவேளை முடிந்ததும் டிக்கெட் கிழிப்பவர் புகை பிடிக்கப் போவார், நாங்கள் உள்ளே நழுவிவிடுவோம். இரண்டாம் பாதி பார்ப்போம். ஆட்டம் விட்டதும் அம்மாவோடு சேர்ந்து காகிதம் பொறுக்குவோம். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் வரும்போது மூலையில் பதுங்கிக்கொண்டு, முதல் பாதி பார்ப்போம். அந்த இடைவேளையில் அவர் எங்களைப் பிடித்து வெளியே தள்ளுவார். அதற்குள் எங்களுக்குப் படம் முடிந்திருக்கும்.

இப்படியே எட்டு, ஒன்பது வருடம். எங்கள் சினிமாவில் எல்லோரும் முதலில் கல்யாணம் செய்துகொண்டார்கள், அப்புறம்தான் காதலித்தார்கள். வில்லன் செத்து ஒரு மணி நேரம் கழித்து ஊருக்குள் வந்து இறங்கினான். காகிதம் பொறுக்கும் நேரத்தில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. “அந்தப் போலீஸ்காரன் ஏன்டி அவன அறைஞ்சான்?” என்று அக்கா கேட்பாள். “மொத பாதில இவன் அவனோட தங்கச்சிய ஏமாத்தியிருப்பான்” என்பேன் நான். அடுத்த ஆட்டத்தில் விடை தெரியும். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். எழுதியவர்கள் அதைவிட மோசமாக யோசித்திருந்தால்தான் தோற்பேன்.

அம்மா ஒரு படமும் பார்த்ததில்லை. அவளுக்கென்று வேறு அளவுகோல் இருந்தது. “இது நல்ல படம்டி, தரை சுத்தமா இருக்கு. ஒருத்தனும் எதையும் வாயில போட்டுக்கல” என்பாள். என் வாழ்நாளில் நான் படித்த எந்த விமர்சகரும் இவ்வளவு நேர்மையாக எழுதியதில்லை.

நான் விமர்சிக்க வேண்டிய முதல் படத்தின் பத்திரிகையாளர் காட்சியை அக்காவின் தியேட்டரிலேயே போட்டார்கள். புதன்கிழமை காலை பத்து மணி. நான் ஒன்பதே காலுக்கே போய்விட்டேன். நாலாவது வரிசை, நடு இருக்கை. கையில் நோட்டு, அக்காவின் பென்சில். பத்து ஐந்துக்கு விளக்கு அணைந்தது. அரங்கத்தில் நான் ஒருத்திதான்.

மூத்த விமர்சகர்கள் ஐந்து பேரும் இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தார்கள். அது அவர்கள் வழக்கமாம். முதல் இருபத்தைந்து நிமிடத்தில் நாயகன் நடந்து வருவதைத் தவிர எந்தப் படத்திலும் ஒன்றும் நடக்காது என்று அவர்களில் ஒருவர் முன்பு எழுதியே இருக்கிறார். அவர் பெயர் எனக்கு நட்சத்திரம். சொந்த நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதுபோல, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டே கால், இரண்டே முக்கால் என்று நட்சத்திரம் கொடுப்பவர். உட்கார்ந்ததும் கைப்பேசியைத் திறந்தார். அவர் முகம் நீலமாகத் தெரிந்தது.

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் காட்சியிலேயே சிறைக் கதவு திறக்கிறது. ஒரு வாடகைக் கார் ஓட்டி வெளியே வருகிறான். அவனை ஏன் உள்ளே போட்டார்கள் என்று சொல்லவில்லை. ஒரு பெண் அவனைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறாள், அது ஏன் என்றும் சொல்லவில்லை. எவ்வளவு தைரியம் என்று நோட்டில் எழுதினேன். அடி, உதை, துரத்தல். கடைசியில் மழையில் நடுரோட்டில் கத்திக்குத்து பட்டு விழுகிறான். விழும்போதும், கம்பி உடைந்த ஒரு மஞ்சள் குடையை விடாமல் பிடித்திருக்கிறான். அந்தப் பெண் ஓடி வந்து, அவனை விட்டுவிட்டு அந்தக் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். குடையில் என்ன இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. எழுத்து ஓடியது.

ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான் ஆகியிருந்தது. மூத்தவர்கள் ஐவரும் எழுந்தார்கள். “பரவால்ல, பய நறுக்குன்னு முடிச்சுட்டான்” என்றார் நட்சத்திரம். வெளியே படக் கம்பெனி ஆள் சாப்பாட்டுப் பொட்டலமும் துண்டுத்தாளும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுத்து முழுவதும் ஓடி முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது என் கொள்கை. முடிந்தது. விளம்பரம் இரண்டு வந்தது. பிறகு திரையில் படத்தின் பெயர் வந்தது. செத்தவன் காரைக் கழுவிக்கொண்டு பாடினான்.

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. முடிவு என்று காட்டிவிட்டு, அதற்கப்புறம் படத்தின் பெயரைப் போடுகிறான் இந்த இயக்குநர்! செத்தவனைத் திரும்ப எழுப்பி, அவன் சாவதற்கு முன்னால் எப்படியெல்லாம் அசட்டுத்தனமாக வாழ்ந்தான் என்று காட்டுகிறான். அவனுடைய நண்பன் வாழைப்பழத் தோலில் வழுக்குகிறான். அவனைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் அந்த நண்பன்தான் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். சிரிப்பு வரவில்லை. கடைசியில் அவன் ஒரு கடைக்குப் போகிறான். அந்தப் பெண்ணுக்காகக் குடை வாங்குகிறான். மஞ்சள் குடை. கடைக்காரனோடு பத்து நிமிடம் பேரம் பேசுகிறான், குடையை விரித்துப் பார்க்கிறான், தலைகீழாகப் பிடிக்கிறான், “இது எத்தன வருசம் வரும்?” என்று கேட்கிறான். “உங்க ஆயுசுக்கும் வரும் சார்” என்கிறான் கடைக்காரன்.

நான் நோட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், திரையில் அடுத்து வந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை. பென்சில் எழுத்து கண்ணீரிலும் அழியவில்லை, அக்கா சொன்னதுபோல நம்பிக்கையானதுதான்.

அன்று ராத்திரி தூங்கவில்லை, எழுதித் தள்ளினேன். ‘ஒரு சாவைக் காட்டி அழ வைக்க யாராலும் முடியும். ஒருவன் குடை வாங்குவதைக் காட்டி அழ வைக்க இவரால்தான் முடிந்திருக்கிறது’ என்று முடித்தேன். ஆசிரியர் சினிமா பார்த்துப் பத்து வருடம் ஆயிற்றாம். படித்துவிட்டுத் தொலைபேசியில், “பக்கம் உங்களுக்குத்தாம்மா” என்றார். வெள்ளிக்கிழமை படம் வெளியானது, இதழும் வெளியானது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே என் மூக்கு உடைந்துவிட்டது. ‘அம்மணி அடுத்த முறை நிமிர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கவும்’ என்று இதழின் இணையப் பக்கத்தில் ஒருவர் ஆரம்பித்துவைத்தார். ‘செத்தவன் எப்படிக் குடை வாங்கினான்? ஆவியா?’ என்று ஒருவர். ‘ஆவிப் படம் என்று நம்பிப் பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம், மனைவியோடு தனியாக ஒரு சாயங்காலம் கிடைத்தது, விமர்சகருக்கு நன்றி’ என்று ஒருவர். முன்னூறு பேருக்கு மேல். மறுநாள் காலை அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக் காட்டினாள், நல்ல உச்சரிப்பு அவளுக்கு. நட்சத்திரத்தின் விமர்சனமும் வேறொரு பத்திரிகையில் வந்திருந்தது. துண்டுத்தாளில் இருந்த கதை அப்படியே, வரிசை பிசகாமல், இரண்டே முக்கால் நட்சத்திரத்தோடு. படத்தை முழுக்கப் பார்த்தவள் நான் ஒருத்தி. தப்பாக எழுதியவளும் நான் ஒருத்திதான்.

ஆசிரியர் போன் செய்தார். “படத்தோட டைரக்டர் பேசினாருங்க. ‘யார் சார் அந்தம்மா, நான் எடுக்காத படத்தை இவ்வளவு நல்லாப் பாராட்டியிருக்காங்க’ன்னு கேட்டாரு. நான் என்னன்னு சொல்றது?”

“சார், நான் பாத்ததைத்தான் எழுதினேன்.”

“அப்போ என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை மதியத்துக்குள்ள. நியாயமான காரணம் இருந்தா பக்கம் உங்களோடதுதான். உங்க தப்புன்னா, மன்னிச்சுக்கங்க, படத்துக்கு எது தலை எது காலுன்னு தெரியாதவங்களுக்குப் பக்கம் குடுக்க முடியாது.”

சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்குப் போனேன். அதே நாலாவது வரிசை. படத்தின் பெயர் வந்தது. அவன் காரைக் கழுவிக்கொண்டு பாடினான். நண்பன் வாழைப்பழத் தோலில் வழுக்கினான், அரங்கமே சிரித்தது. குடைக் கடைக் காட்சியில் பாதிப் பேர் எழுந்து கழிப்பறைக்குப் போனார்கள். எனக்குப் பின்னால் ஒருவன், “வளவளன்னு பேசிட்டு... குடைய வாங்கிட்டு வாடா” என்றான். இடைவேளை என்று எழுத்து வந்தது. சுமாரான படம். சுமாருக்கும் ஒரு படி கீழே. புதன்கிழமை நான் பார்த்தது இந்த வரிசையில் இல்லை.

இரும்புப் படியில் ஏறி மாடிக்குப் போனேன். அக்கா சோளப்பொரி தின்றுகொண்டிருந்தாள். மெஷினின் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். ஆனால் நான் கதவைச் சாத்திவிட்டு அவள் காதருகே போனேன்.

“அக்கா, புதன்கிழம எதை மொதல்ல போட்ட?”

“எதைன்னா? படத்தைத்தான்.”

“எந்தப் பாதி?”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பொரியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கணினியில் எதையோ திறந்தாள். எந்த நாளில் எத்தனை மணிக்கு எது ஓடியது என்று மெஷினே எழுதி வைத்துக்கொள்ளுமாம். படம் இரண்டு துண்டாக வரும். ஒவ்வொன்றின் பெயரும் எண்ணும் எழுத்துமாக முழ நீளத்துக்கு இருக்கும், கடைசி எண் ஒன்றுதான் வேறுபடும். அவள் அந்தக் கடைசி எண்ணின்மேல் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

“பத்து அஞ்சுக்கு ரெண்டு. பதினொண்ணு இருவதுக்கு ஒண்ணு.” விரலை எடுத்தாள். “மாத்திப் போட்டுட்டேன்டி.”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவளும் ஒரு சலவை இயந்திரமாக இருந்திருந்தால் உதைத்திருப்பேன். “ஊர் பூரா என்னப் பாத்துச் சிரிக்குது! ஒரே ஒரு தடவ அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருந்தா போதுமே! அதுகூடவா முடியல உன்னால?”

“ஆட்டம் பூரா ஜன்னல்லதான் நின்னேன்.”

“அப்புறம் என்ன பாத்த?”

“உன்னத்தான்.”

அந்த ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன், நாலாவது வரிசை நேராகத் தெரிந்தது.

“ஒத்தையா உக்காந்திருந்த, நாலாவது வரிசைல. குனியாமலே எழுதிட்டிருந்த. தடிமாடுங்க அஞ்சும் எந்திரிச்சுப் போச்சு, நீ மட்டும் அசையல. அப்புறம் தோள் குலுங்குச்சு. அழறேன்னு தெரிஞ்சுது. நம்ம புள்ள பெரிய ஆளாயிட்டான்னு நெனச்சேன்.” மூக்கை உறிஞ்சினாள். “நடுவுல திரையும் கண்ணுல பட்டுச்சு. மொதல்ல சாவு வந்துச்சு, அப்புறம் பாட்டு வந்துச்சு. எனக்கு ஒண்ணுமே தப்பாத் தோணலடி. நாம எப்பவும் அப்படித்தான பாப்போம்?”

எனக்கும் தோன்றவில்லை. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து கத்தியிருப்பார்கள். ஒரு படத்தைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு அதை ஒழுங்கான படம் என்று நம்பக்கூடியவர்கள் இந்த பூமியில் இரண்டே பேர். ஒருத்தி படத்தைப் போட்டாள், இன்னொருத்தி விமர்சனம் எழுதினாள்.

கதவு திறந்தது. மேனேஜரின் மச்சினன் தலையை நீட்டினான். “என்னக்கா, எதாவது பிரச்சனையா?” என்றான், அத்தனை ஆசையோடு. “ஒண்ணும் இல்ல, என் தங்கச்சி, பொரி தின்ன வந்தா” என்றாள் அக்கா. அவன் கணினியையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா எழுந்து திரையை மறைத்தாற்போல நின்றுகொண்டாள். அவன் போனான்.

“எழுதிடு. தியேட்டர்ல மாத்திப் போட்டுட்டாங்கன்னு எழுதிடு. உண்மைதான?” என்றாள்.

“அப்புறம் நீ?”

“எனக்கென்ன, எங்கயாவது போயிக்கறேன்.”

எங்கே போவாள்? இருக்கிற தியேட்டர்களிலெல்லாம் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் முட்டி தேய்ந்துபோன அம்மா. என் சம்பளத்தில் வாடகை கொடுத்தால், அக்கா சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் அந்தப் பக்கத்தை விட மனம் வரவில்லை. வரவே இல்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முதலில் அந்தக் கடிதத்தைத்தான் எழுதினேன். ‘தியேட்டரில் நேர்ந்த தொழில்நுட்பக் குளறுபடியால்’ என்று தொடங்கும், ஆறே வரி. எட்டு வருட அனுபவம் பேசியது. குறை சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். படித்துப் பார்த்தேன், அப்பழுக்கில்லாத கடிதம். மெஷின் கெட்டுப்போனால் கம்பெனியில் நாங்கள் எப்போதும், கடைசியில் அதைத் தொட்டவர் மேல் பழி போடுவோம், அதே கடிதம்.

“என்னடி எழுதற?” என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

“புகாரும்மா.”

“யார் மேல?”

அதைக் கிழித்தேன். வேறு ஒன்று எழுத நாலு மணி நேரம் ஆயிற்று.

‘நான் அந்தப் படத்தின் இரண்டாம் பாதியை முதலில் பார்த்தேன். முதல் பாதியை அப்புறம் பார்த்தேன். ஆறு வயதிலிருந்து படம் பார்த்துப் பழகியது அப்படித்தான் என்பதால், வித்தியாசம் தெரியவில்லை. தவறு என்னுடையது. சரியான வரிசையிலும் பார்த்தேன். அது நீங்கள் சொல்வதுபோலச் சுமாரான படம்தான். நான் பாராட்டிய படம் வேறு, அதை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் நான் பார்த்தேன். முடிந்தால் நீங்களும் பாருங்கள்: இடைவேளைக்கு உள்ளே போய், அடுத்த ஆட்டத்தின் இடைவேளையில் வெளியே வாருங்கள். குடை வாங்கும் காட்சியில் கழிப்பறைக்குப் போகாதீர்கள்.’

திங்கட்கிழமை ஆசிரியர் படித்தார், இரண்டு கண்ணாடியாலும்.

“எப்படிம்மா பின்பாதிய மொதல்ல பாத்தீங்க?”

“லேட்டாப் போனேன் சார்.” அந்த ஒன்றுதான் பொய்.

“பத்திரிகைக் காட்சிக்கே லேட்டாவா?”

“எல்லாரும் அப்படித்தான் சார் வந்தாங்க.”

“அவங்க லேட்டா வந்தும் சரியா எழுதியிருக்காங்களே” என்றார். அவர் தாளை மேஜையில் வைத்துத் தட்டினார். “இது நல்லா இருக்கு. வாசகர் கடிதத்துல போடறேன். பக்கத்த நட்சத்திரத்துக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்.” அவர் நட்சத்திரம் என்று சொல்லவில்லை, அவருடைய உண்மைப் பெயரைத்தான் சொன்னார். எனக்கு அப்படித்தான் கேட்டது.

அதே படியில் உட்கார்ந்தேன். இந்த முறை அழுகைதான் வந்தது. படத்தைப் பாதியில் விட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போனவனுக்கு என் பக்கம். மனமார வருந்தினேன், எட்டு வருடத்தில் முதல் தடவையாக.

அக்காவிடம் பக்கம் எனக்குத்தான் என்று சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை வரை தாங்கியது அந்தப் பொய். இதழ் வந்ததும், வாசகர் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்துவிட்டு உள்ளே வந்தவள் என் தலையில் அந்த இதழாலேயே அடித்தாள்.

“லூசாடி நீ? உன்ன யாரு தியாகம் பண்ணச் சொன்னது? நீ என்ன கதாநாயகியா?”

“ஆமா. அடி வாங்கி முடிச்சாச்சு. இனிமேதான் என் மொத பாதி.”

“சிரிப்பு வரல” என்றாள். அவளுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அடித்தாள்.

அந்த வார இறுதியில் தியேட்டரில் ஒரு வேடிக்கை நடந்தது. இடைவேளை நேரத்தில் பதினேழு பேர் டிக்கெட்டோடு வந்து, இப்போதுதான் உள்ளே போவோம், அடுத்த ஆட்டத்தின் பாதி வரை இருப்போம் என்று அடம் பிடித்தார்களாம். மேனேஜருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மச்சினனை வாசலில் நிறுத்திவிட்டார், கூட்டத்தைச் சமாளிக்க. அதிலிருந்து அவன் மாடிக்கு வர நேரமில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா என்னை எழுப்பினாள். “கெளம்பு. வாரா வாரம் புதன்கிழம காலைல மெஷின சோதிச்சுப் பாக்கணும். எதை வேணாப் போட்டுச் சோதிக்கலாம்.”

அரங்கம் காலியாக இருந்தது. நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது, சிறைக் கதவு திறந்தது. இரும்புப் படியில் யாரோ இறங்கி வரும் சத்தம். அக்கா கையில் சோளப்பொரியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் அவள் கீழே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாடியில் மெஷின் இரைச்சலில் வசனம் கேட்காது. அத்தனை வருடமும் அவள் வாயசைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தமெல்லாம் நல்லாத்தான்டி இருக்கு” என்றாள் ஆச்சரியமாக.

மழை. கத்தி. மஞ்சள் குடை. எழுத்து ஓட ஆரம்பித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள், காகிதம் பொறுக்கும் நேரத்தில் திரும்புவது போலவே.

“அவ ஏன்டி அவன விட்டுட்டுக் கொடைய எடுத்து மடில வெச்சுக்கிட்டா?”

“நீ சொல்லு.”

“அவளோட புருசன் கொடையா இருக்குமோ? மொதப் புருசன்?”

“தப்பு. பாரு.”

பெயர் வந்தது. செத்தவன் பாடினான். வாழைப்பழத் தோலில் நண்பன் வழுக்கியபோது அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, “துரோகிப் பய” என்றாள். பிறகு அவன் கடைக்குப் போனான். குடையை விரித்தான், தலைகீழாகப் பிடித்தான், பேரம் பேசினான். அது எத்தனை வருடம் வரும் என்று கேட்டான். கடைக்காரன் பதில் சொன்னான்.

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கன்னம் பளபளத்தது. மடியில் சோளப்பொரி ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

“அக்கா, இது காமெடி சீன்க்கா” என்றேன் மெதுவாக.

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வாய மூடுடி. படம் பாக்க விடு.”